159 கவுண்டி, 410 யூனிட்: ஜார்ஜியாவில் ஓட்டை எடைபோட்ட கதை

1946 ஜூலை 17. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆளுநர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க டெமாக்ரடிக் கட்சியின் உட்கட்சித் தேர்தல் நடந்தது. ஜேம்ஸ் கார்மைக்கேல் என்பவருக்கு 3,13,389 ஓட்டு விழுந்தது. யூஜின் டால்மட்ஜுக்கு 2,97,245. வித்தியாசம் பதினாறாயிரம் சொச்சம். ஜெயித்தவர் டால்மட்ஜ். நான் பெயர்களை மாற்றிப் போட்டுவிடவில்லை. கள்ள ஓட்டும் இதற்குக் காரணம் இல்லை. சட்டப்படி, கணக்குப்படி, குறைவாக வாங்கியவர்தான் ஜெயித்தார். அந்தக் கணக்குக்கு 'கவுண்டி யூனிட் முறை' என்று பெயர். ஜார்ஜியாவின் அரை நூற்றாண்டு அரசியலைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ரஷ்யாவை ஒட்டி ஜார்ஜியா என்று ஒரு நாடும் இருக்கிறது, அது வேறு. இது ஃப்ளோரிடாவுக்கு மேலே, அட்லாண்டாவைத் தலைநகராகக் கொண்ட தென் மாநிலம். இன்னொன்று: அமெரிக்காவில் ஆளுநரை மேலே இருந்து யாரும் நியமிப்பதில்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர் முதல்வர் நாற்காலிக்கு இணையான பதவி அது. 'ஆளுநர்' என்ற சொல்லைப் பார்த்ததும் ராஜ் பவனை நினைத்துக்கொண்டால் இந்தக் கதை புரியாது.

இப்போது கணக்குக்கு வருவோம்.

மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு கவுண்டி. மாவட்டம் என்று மொழிபெயர்க்கலாம்தான். ஆனால் ஜார்ஜியாவின் கவுண்டிகள் பல நம் தாலுகா அளவுக்குக்கூட வராது. டெக்சாஸுக்கு அடுத்து அதிகக் கவுண்டிகள் உள்ள மாநிலம் இதுதான். மொத்தம் 159. விவசாயி கோவேறு கழுதை வண்டியில் கவுண்டித் தலைமையிடத்துக்குப் போய் வேலையை முடித்துவிட்டு, அன்றே பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை பிரித்தார்கள் என்று அங்கே சொல்வார்கள். அதில் உண்மை எவ்வளவோ, கவுண்டி ஒன்று கூடினால் யாருக்கோ செல்வாக்கு கூடியது என்பது மட்டும் நிச்சயம்.

1917-ல் நீல் சட்டம் என்ற ஒன்று வந்தது. டெமாக்ரடிக் கட்சி அதற்கு முன்பே தன் அளவில் வைத்துக்கொண்டிருந்த பழக்கத்தை அது மாநிலச் சட்டமாக்கியது. மக்கள்தொகை மிகுந்த எட்டுக் கவுண்டிகளுக்குத் தலா 6 யூனிட். அடுத்த 30 கவுண்டிகளுக்குத் தலா 4. மீதிக் கவுண்டிகளுக்குத் தலா 2; மொத்தம் 159 ஆனபோது அவை 121. ஒரு கவுண்டியில் யார் முதலில் வருகிறாரோ, ஒரே ஒரு ஓட்டில் முந்தியிருந்தாலும், அந்தக் கவுண்டியின் யூனிட் முழுவதும் அவருக்கே. மாநிலம் முழுக்க யூனிட்டைக் கூட்டிப் பார்த்து வெற்றியை அறிவிப்பார்கள். தனித்தனி ஓட்டுகளின் மொத்தத்துக்கு அதில் வேலையே இல்லை.

டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். 6-0, 6-7, 6-7 என்று ஒருவர் தோற்கலாம். கேம்களை எண்ணினால் அவர் 18, எதிராளி 14. ஆனால் செட்டைத்தானே எண்ணுகிறார்கள்! அட்லாண்டாவில் ஒரு லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் 6 யூனிட்தான். ஒரு ஓட்டில் ஜெயித்தாலும் அதே 6 யூனிட்தான்.

ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எட்டு ஆறு 48. முப்பது நான்கு 120. 121-ஐ இரண்டால் பெருக்கினால் 242. மொத்தம் 410. பாதியைத் தாண்ட 206 போதும். ஆக, நகரம் என்று பெயர் சொல்லக்கூடிய எந்த இடத்திலும் ஜெயிக்காமல், சின்னக் கவுண்டிகளை மட்டும் பிடித்தே ஆளுநர் ஆகிவிடலாம். 1946-ல் டால்மட்ஜ் வாங்கியதும் சரியாக 242 யூனிட்தான். இது வெறும் தற்செயல். அவர் ஜெயித்தது 105 கவுண்டிகளில். கார்மைக்கேலுக்கு 146, மூன்றாவதாக வந்த ரிவர்ஸுக்கு 22.

இந்த எடைபோடல் எவ்வளவு கோணலானது என்பதற்கு 1960-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒன்றே போதும். அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுண்டியில் 5,56,326 பேர். எக்கோல்ஸ் என்ற கவுண்டியில் 1,876 பேர். குவிட்மேனில் 2,432 பேர். கிளாஸ்காக்கில் 2,672 பேர். பின்னால் சொன்ன மூன்றையும் கூட்டினால் 6,980. ஒரு சுமாரான கல்யாண மண்டபத்தின் ஒரு முகூர்த்த நாள் கூட்டத்தை நாலைந்தால் பெருக்கினால் வந்துவிடும். அந்த மூன்று கவுண்டிக்கும் சேர்த்து 6 யூனிட். ஃபுல்டனுக்கும் 6 யூனிட். எக்கோல்ஸில் ஓட்டுப் போட்ட ஒருவர் அட்லாண்டாவில் ஓட்டுப் போட்ட 99 பேருக்குச் சமம்.

உட்கட்சித் தேர்தல்தானே, பொதுத் தேர்தலில் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் தென் மாநிலங்களின் தனி வரலாறு வருகிறது. உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகு, லிங்கனின் ரிபப்ளிகன் கட்சி சில ஆண்டுகள் தெற்கே ஆட்சியில் இருந்தது. 1868-ல் ஜார்ஜியா சட்டமன்றத்துக்குக் கறுப்பின உறுப்பினர்கள் முதன்முதலாக வந்தார்கள். சில மாதங்களுக்குள்ளேயே வெள்ளை உறுப்பினர்கள் கூடி, கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை உண்டே தவிரப் பதவியில் உட்காரும் உரிமை கிடையாது என்று சொல்லி அவர்களை வெளியேற்றினார்கள். மத்திய அரசு தலையிட்டுத் திரும்ப உட்காரவைத்தது. ஆனால் 1871-ல் ரிபப்ளிகன் ஆளுநர் ரூஃபஸ் புல்லக் பதவியை விட்டு ஓடியதோடு அந்தக் காலம் முடிந்தது. தேர்தலில் ஜெயித்த அடுத்த ரிபப்ளிகன் ஆளுநர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது 2003-ல். நடுவில் 130 ஆண்டுகளுக்கு மேல் ஒரே கட்சி!

அதனால் டெமாக்ரடிக் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தவர் ஆளுநர். நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தல் வெறும் சடங்கு. (அன்றைய தென் மாநில டெமாக்ரட்டுகளை இன்றைய டெமாக்ரட்டுகளோடு சேர்த்து யோசிக்காதீர்கள். பெயர் ஒன்று, சரக்கு வேறு.)

அந்த ஒரே நிஜமான தேர்தலுக்குள் கறுப்பர்கள் நுழையக் கூடாது. கட்சி என்பது தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்று சொல்லி, வெள்ளையர் மட்டும் ஓட்டுப் போடும் உட்கட்சித் தேர்தலை வைத்துக்கொண்டார்கள். அதற்கு வெளியே தலைவரி: ஓட்டுப் போட ஆண்டுக்கு ஒரு டாலர் கட்ட வேண்டும், கட்டாத ஆண்டுகளின் பாக்கியும் சேர்ந்துகொண்டே போகும். 1908-ல் எழுத்தறிவுச் சோதனையும் வந்தது. சோதனையில் பாஸா, ஃபெயிலா என்று முடிவு செய்பவர் உள்ளூர் வெள்ளை அதிகாரி. வேறென்ன சொல்ல?

இவ்வளவு தடுப்பும் போட்டபின் யூனிட் முறை எதற்கு என்று நான் முதலில் குழம்பினேன். கறுப்பர்களைத் தடுக்க அதுவே இரண்டாவது மதில். மற்றத் தடைகள் என்றைக்காவது நீதிமன்றத்தில் விழுந்தாலும், நகரங்களில் திரளும் கறுப்பர் ஓட்டு 6 யூனிட்டைத் தாண்டாது. கூடவே நகரத்து ஆலைத் தொழிலாளி, வியாபாரி, படித்த வெள்ளையர் எல்லாருடைய ஓட்டும் அதே 6-க்குள் முடக்கப்பட்டது. பலன் யாருக்கு? கிராமத்து ஏழை விவசாயிக்கு என்று மேடையில் சொன்னார்கள். நடைமுறையில் பலன் ஒவ்வொரு கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தையும் சுற்றி உட்கார்ந்திருந்த நாலைந்து பெரிய மனிதர்களுக்கு: ஷெரீஃப், வரி வசூலிப்பவர், பருத்தி வியாபாரி, நிலக்காரர். ஆயிரம் ஓட்டு உள்ள கவுண்டியில் இருநூறு ஓட்டைத் திருப்ப ஒரு பெரிய மனிதர் போதும். வேட்பாளர் லட்சம் பேரைப் பார்க்க வேண்டியதில்லை. நூறு பெரிய மனிதர்களைப் பார்த்தால் போதும். ஒரு சாலை, ஒரு பாலம், மைத்துனனுக்கு ஒரு அரசு வேலை.

இந்த ஆட்டத்தில் கைதேர்ந்தவர் யூஜின் டால்மட்ஜ். சட்டம் படித்தவர். ஆனால் மேடை ஏறினால் கோட்டைக் கழற்றிவிட்டு, கால்சட்டையைத் தோளோடு பிடித்திருக்கும் சிவப்பு சஸ்பெண்டர் பட்டை தெரிய நிற்பார். டிராம் வண்டி ஓடும் எந்த ஊரின் ஓட்டும் எனக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகவே பேசியவர். வீறாப்பு போலத் தோன்றும், ஆனால் அது கணக்கு தெரிந்த பேச்சு. நான்கு முறை ஆளுநர் தேர்தலில் ஜெயித்தார். 1942-ல் மட்டும் சறுக்கினார். இன ஒற்றுமை பேசுகிறார்கள் என்று சொல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களை வெளியேற்ற, மாநிலக் கல்லூரிகளின் அங்கீகாரமே பறிபோனது. பெற்றோர் கொதித்தார்கள். எல்லிஸ் ஆர்னல் என்ற இளைஞர் அவரைத் தோற்கடித்தார். ஆர்னல் ஆட்சியில் 18 வயதிலேயே ஓட்டுரிமை வந்தது. 1943-ல் அதைச் செய்த முதல் மாநிலம் ஜார்ஜியாதான். 1945-ல் தலைவரி ஒழிந்தது.

அதற்குள் கொலம்பஸ் என்ற ஊரில் முடிவெட்டும் தொழில் செய்துகொண்டே மதபோதகராகவும் இருந்த பிரைமஸ் கிங் என்ற கறுப்பினத்தவர், 1944 ஜூலை 4 அன்று, அதாவது அமெரிக்க சுதந்திர நாளில், உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போட நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனார். வெளியே தள்ளினார்கள். வழக்குப் போட்டார், ஜெயித்தார். 1946-ல் வெள்ளையர் மட்டுமான உட்கட்சித் தேர்தல் ஜார்ஜியாவில் செத்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பர்கள் வாக்காளர்களாகப் பதிந்தார்கள். மதில் ஒன்று விழுந்ததும் இரண்டாவது மதில் வேலையைத் தொடங்கியது.

அதைக் கிட்டத்தில் பார்க்க ஹெலன் டக்ளஸ் மான்கின் கதை போதும். 1946 பிப்ரவரியில் அட்லாண்டா தொகுதியில் நாடாளுமன்ற இடைத்தேர்தல். அது உட்கட்சித் தேர்தல் இல்லை, அதனால் யூனிட் கிடையாது, நேரடி எண்ணிக்கை. கறுப்பர்கள் வாழும் ஆஷ்பி தெரு வாக்குச்சாவடிப் பெட்டியைக் கடைசியாக எண்ண, மான்கின் ஜெயித்தார். டால்மட்ஜ் ஆத்திரத்தில் அவரை 'ஆஷ்பி தெரு அழகி' என்று கேலி செய்தார். ஜூலையில் அதே இடத்துக்கு உட்கட்சித் தேர்தல். அந்தத் தொகுதியில் கைவிடப்பட்டிருந்த யூனிட் முறையைத் தூசி தட்டி எடுத்தார்கள். தொகுதியில் மூன்றே கவுண்டிகள்: ஃபுல்டன் 6, டிகால்ப் 6, குட்டிக் கவுண்டியான ராக்டேல் 2. மான்கின் மொத்தத்தில் சுமார் 11,000 ஓட்டு கூடுதலாக வாங்கினார். ஆனால் ஃபுல்டன் மட்டும்தான் அவருடையது. 8-க்கு 6 என்று தோற்றார்.

அதே நாளில்தான் கார்மைக்கேலும் தோற்றார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் கட்டிய மாரியட்டா ஆலையின் தலைவராக இருந்தவர்; நகரங்கள் அவர் பக்கம் நின்றன. கணக்கு நிற்கவில்லை. அன்று டெய்லர் கவுண்டியில் ஓட்டுப் போட்ட ஒரே கறுப்பினத்தவர் மேசியோ ஸ்னைப்ஸ், போரிலிருந்து திரும்பிய சிப்பாய். மறுநாள் அவரை வீட்டு வாசலில் சுட்டார்கள். இரண்டு நாளில் இறந்தார்.

டால்மட்ஜ் பதவியேற்கவில்லை. நவம்பர் சடங்கு முடிந்து, ஜனவரி பதவியேற்புக்கு முன், டிசம்பர் 21 அன்று நோயில் இறந்துபோனார். பிறகு நடந்ததை 'மூன்று ஆளுநர் விவகாரம்' என்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று முன்பே தெரிந்த ஆதரவாளர்கள், நவம்பரில் வாக்குச் சீட்டில் அவர் மகன் ஹெர்மனின் பெயரைக் கையால் எழுதிப் போடச் சொல்லியிருந்தார்கள். ஜெயித்தவர் இல்லாவிட்டால் அடுத்து அதிகம் வாங்கியவர்களில் ஒருவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கலாம் என்பது அவர்கள் வாதம். எண்ணிப் பார்த்தால் ஹெர்மன் மூன்றாவது இடத்தில் நின்றார்! திடீரென்று சொந்தக் கவுண்டியான டெல்ஃபேரிலிருந்து எண்ணாமல் விட்ட 58 ஓட்டு 'கிடைத்தது'. 675 ஓட்டோடு முதலிடம். அட்லாண்டா ஜர்னல் நிருபர் ஜார்ஜ் குட்வின் பிறகு அங்கே போய்ப் பட்டியலைப் புரட்டினார். வாக்காளர்கள் அகர வரிசையில் வந்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். சிலர் கல்லறையிலிருந்து வந்திருந்தார்கள். அந்தச் செய்திக்கு அவருக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது.

1947 ஜனவரி 15 அதிகாலையில் சட்டமன்றம் ஹெர்மனைத் தேர்ந்தெடுத்தது. பழைய ஆளுநர் ஆர்னல் இறங்க மறுத்தார். ஹெர்மனின் ஆட்கள் அலுவலகத்தைப் பிடித்துப் பூட்டை மாற்றினார்கள். ஆர்னல் தலைமைச் செயலகக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் இருந்த தகவல் மேசையில் உட்கார்ந்து ஆளுநர் வேலை பார்த்தார். அங்கே பட்டாசு வீசினார்கள். துணை ஆளுநராகத் தேர்வான மெல்வின் தாம்சன், முறைப்படி நான்தான் ஆளுநர் என்றார். இந்தக் களேபரத்தில் எனக்குப் பிடித்த ஆள் பென் ஃபோர்ட்சன், மாநிலச் செயலாளர். சக்கர நாற்காலியில் இருப்பவர். அரசு முத்திரை அவர் பொறுப்பு. அது இல்லாமல் எந்த உத்தரவும் செல்லாது. மூன்று ஆளுநர்களும் தேட, முத்திரையைத் தன் இருக்கை மெத்தைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் தாம்சன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 67 நாள் ஆளுநராக இருந்த ஹெர்மன் வெளியேறினார். 1948-ல் தேர்தலில் நின்று முறைப்படியே திரும்பி வந்தார் என்பது வேறு கதை.

யூனிட் முறையைப் பொதுத் தேர்தலுக்கும் நீட்டிக்க 1950-லும் 1952-லும் அரசியல் சாசனத் திருத்தம் கொண்டுவந்தார்கள். அதை மக்களின் நேரடி ஓட்டுக்கு விட வேண்டியிருந்தது. அங்கே ஓட்டுக்கு எடை கிடையாது. இரண்டு முறையும் தோற்றது.

நீதிமன்றம் பல ஆண்டுகள் கைகட்டி நின்றது. 1950-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது அரசியல் விவகாரம், நாங்கள் தலையிட மாட்டோம் என்று வழக்கைத் தள்ளியது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மாற்றுக் கருத்து எழுதினார். 1962-ல் டென்னசி மாநில வழக்கு ஒன்றில், தொகுதிகளின் ஏற்றத்தாழ்வை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று கதவு திறந்தது. தீர்ப்பு வந்த அன்றே ஃபுல்டன் வாக்காளர் ஜேம்ஸ் சாண்டர்ஸ் ஜார்ஜியாவில் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் அந்த வசந்த காலத்திலேயே யூனிட் முறையை நிறுத்திவைத்தது. மேல்முறையீட்டில் மத்திய அரசு சார்பாக வாதாட வந்தவர் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி. உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதாடிய ஒரே வழக்கு இது. 1963 மார்ச் 18, எட்டுக்கு ஒன்று என்ற தீர்ப்பு. எழுதியவர் அதே டக்ளஸ். அரசியல் சமத்துவம் என்றால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு, ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்றார். உலகமே இன்று சொல்லும் அந்த வாசகம் அமெரிக்கச் சட்டத்தில் நிலைபெற்றது எக்கோல்ஸையும் ஃபுல்டனையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்த அந்த வழக்கில்தான். அடுத்த ஆண்டே இன்னொரு ஜார்ஜியா வழக்கில் நாடாளுமன்றத் தொகுதிகளும் சம அளவில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதுவரை அட்லாண்டா தொகுதியில் 8,23,680 பேர், இன்னொன்றில் 2,72,154 பேர்.

யூனிட் போன முதல் ஆண்டிலேயே, 1962-ல், லெராய் ஜான்சன் மாநில மேலவைக்குத் தேர்வானார். ஜார்ஜியா சட்டமன்றத்துக்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வந்த முதல் கறுப்பின உறுப்பினர். அதே தேர்தலில் நிலக்கடலை வியாபாரி ஒருவரும் மேலவைக்கு நின்றார். குவிட்மேன் கவுண்டியில், மேலே சொன்ன அந்த 2,432 பேர் கவுண்டியில், ஜோ ஹர்ஸ்ட் என்ற பெரிய மனிதர் வாக்குச்சாவடியிலேயே நின்றுகொண்டு யாருக்குப் போட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுப் போட்டவர்கள் 333 பேர். பெட்டிக்குள் 420 சீட்டு. இங்கேயும் வாக்காளர்கள் அகர வரிசையில் வரிசைகட்டியிருந்தார்கள். வியாபாரி வழக்குப் போட்டு ஜெயித்தார். பெயர் ஜிம்மி கார்ட்டர். பழைய கவுண்டி ராஜ்ஜியத்தோடு மல்லுக்கட்டி அரசியலுக்குள் வந்தவர், 1970-ல் ஆளுநரானார், 1976-ல் அமெரிக்க அதிபரானார்.

மதில் கட்டியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1964-ல் புதிய விதி: ஜெயிக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் இருவருக்கு மறுதேர்தல். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளையர் ஓட்டு பல வேட்பாளர்களுக்குப் பிரிந்து, கறுப்பர் ஓட்டு ஒருவருக்கே விழுந்தால் அவர் முதலிடத்துக்கு வந்துவிடுவார். இரண்டாவது சுற்றில் வெள்ளையர் ஒன்று சேரட்டும் என்பதே அந்த விதிக்குப் பின்னால் இருந்த எண்ணம். அதைக் கொண்டுவந்த டென்மார்க் குரூவர் என்ற உறுப்பினர், அந்தக் காலத்தில் எனக்கு இனப் பாகுபாடு இருந்தது என்று பின்னாளில் தானே ஒப்புக்கொண்டார். (அதே 1964-ல் சட்டமன்றக் கூட்டத்தொடரின் நேரம் முடியக் கூடாது என்று மாடத்திலிருந்து தொங்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பிடித்து இழுத்து உடைத்தவரும் இவரே. அதன் புகைப்படம் பிரபலம்.)

பாதிக்கு மேல் என்ற கணக்கு 1966-ல் கூத்தடித்தது. ரிபப்ளிகன் கட்சியின் காலவே, டெமாக்ரட் லெஸ்டர் மேடாக்ஸைவிடச் சுமார் 3,000 ஓட்டு அதிகம் வாங்கினார். ஆனால் நம் பழைய ஆர்னலின் பெயரைப் பலர் கையால் எழுதிப் போட்டதால் யாருக்கும் பாதி வரவில்லை. ஆளுநர் பதவிக்கு அப்போது மறுதேர்தல் இல்லை. மறுபடியும் சட்டமன்றம்தான் முடிவு செய்தது. தன் உணவகத்துக்கு வந்த கறுப்பர்களைத் துப்பாக்கி காட்டி விரட்டிப் பெயர் பெற்ற மேடாக்ஸ் ஆளுநர் ஆனார்.

அந்த 1964 விதி இன்னும் இருக்கிறது. 2020 நவம்பரில் ஜார்ஜியாவின் இரண்டு செனட் இடங்களிலும் யாரும் பாதியைத் தாண்டவில்லை. 2021 ஜனவரி 5-ல் மறுதேர்தல். ஜான் ஆசாஃப் ஓர் இடத்தில் ஜெயித்தார். இன்னொன்றில் ஜெயித்தவர், மார்ட்டின் லூதர் கிங் போதித்த அட்லாண்டா எபெனேசர் தேவாலயத்தின் போதகர் ரஃபேல் வார்னாக். ஜார்ஜியா செனட்டுக்கு அனுப்பிய முதல் கறுப்பினத்தவர். கவுண்டிகள் இன்றும் 159-தான். தேர்தல் இரவில் எக்கோல்ஸின் முடிவு சீக்கிரம் வந்துவிடும். ஃபுல்டன் எண்ணி முடிக்கும்வரை மாநிலம் காத்திருக்கிறது.